குற்றவியல் முதுகலை: திருநெல்வேலியா, சென்னையா?

நாகர்கோவில், தக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் குற்றவியலில் முதுகலை படிக்க நினைத்தால் முதலில் எண்ணுவது இரண்டு இடங்களை: அபிஷேகப்பட்டியின் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், சேப்பாக்கத்தின் சென்னைப் பல்கலைக்கழகம்.

குற்றக் கோட்பாடுகள், தண்டனையியல், பாதிக்கப்பட்டோர் நலன் என்று பாடங்கள் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். களப்பணிதான் வேறுபடும். சென்னையில் புழல் சிறை, தடய அறிவியல் துறை, உயர் நீதிமன்றம், மாநில மனித உரிமை ஆணையம் எல்லாம் நகரப் பேருந்து எட்டும் தூரம். விடுதிச் செலவோ பெற்றோரின் தூக்கத்தைக் கெடுக்கும்.

திருநெல்வேலிக்குப் பாளையங்கோட்டை மத்திய சிறை பக்கம். விடுமுறையில் சொந்த மாவட்டத்திலேயே பயிற்சிக்கு அனுமதி கேட்கலாம். கடலோரக் காவல், கேரளத்துக்குக் கடத்தப்படும் ரேஷன் அரிசி, 2020 ஜனவரியில் பணியிலிருந்த காவல் அலுவலர் சுட்டுக் கொல்லப்பட்ட களியக்காவிளைச் சோதனைச் சாவடி: எல்லை மாவட்டத்துக் குற்றத்தைச் சென்னை வகுப்பறை இவ்வளவு நெருக்கமாகக் காட்டாது. ஆய்வோ தடய அறிவியலோ இலக்கில்லை என்றால், என் ஓட்டு திருநெல்வேலிக்கு.

காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். அதற்காக மட்டும் இதைப் படிக்க வேண்டியதில்லை.