பெனடிக்கா, மல்வோலியோவா? காமெடி டெக்னிக் எஸ்ஸேக்கு எந்த சீன்

ஷேக்ஸ்பியர் நாடகத்துல காமெடி டெக்னிக் பத்தி எழுதுன்னா முக்காவாசி பேர் ஆள்மாறாட்டம், சிலேடை, டிராமாட்டிக் ஐரனி (பாக்குற நமக்கு தெரிஞ்சது பாத்திரத்துக்கு தெரியாம இருக்குறது)ன்னு வரிசையா அடுக்கி ஒண்ணொண்ணுக்கும் ரெண்டு வரி எழுதிட்டு போயிடுறாங்க. ஒரே ஒரு சீனை எடுத்து உள்ள இறங்கி பாத்தா எழுத எவ்ளோ விஷயம் கிடைக்கும்! என்னை கேட்டா போட்டி ரெண்டு சீனுக்குத்தான்: 'மச் அடூ அபௌட் நத்திங்'ல பெனடிக் தோட்டத்துல ஒட்டுக்கேக்குறது, 'ட்வெல்ஃப்த் நைட்'ல மல்வோலியோ கீழ கிடக்குற லெட்டரை எடுத்து படிக்கிறது. ரெண்டுமே 2ஆம் அங்கம்தான், முதல்ல சொன்னது 3ஆம் காட்சி, அடுத்தது 5ஆம் காட்சி.

டெக்னிக் ஒண்ணுதான், நடக்குறது நாடகம்னு நமக்கு தெரியும், மாட்டிக்கிட்டவனுக்கு தெரியாது. ஆனா யாரு ஒளிஞ்சிருக்காங்கன்னு பாருங்க. பெனடிக் தானே ஒளிஞ்சிருக்கான், தான்தான் வேவு பாக்குறோம்னு நினைச்சுக்கிட்டு, அதனாலதான் எப்பவும் தன்கூட வாய்ச்சண்டை போடுற பியாட்ரிஸ் தன்மேல உயிரையே விடுறான்னு மூணு பேர் வேணும்னே அவன் காதுல விழுற மாதிரி பேசுறதை அப்படியே நம்புறான், அதுலயும் லியோனாட்டோ மாதிரி வெள்ளைத்தாடி பெரியவர் சொல்லும்போது பொய்யா இருக்காதுன்னு ஒரு சமாதானம் வேற. அடுத்த நிமிஷமே பியாட்ரிஸ் வந்து எனக்கு இஷ்டமே இல்லாம உன்னை சாப்பிட கூப்பிட வந்தேன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றா, அவன் அதுக்குள்ள ரெண்டு அர்த்தம் இருக்குன்னு தேடுறான். எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இது.

மல்வோலியோ சீன்ல அப்படியே தலைகீழ். ஒலிவியா வீட்டு காரியஸ்தன் அவன், வெட்டவெளில நிக்கிறான், ஒலிவியாவோட சொந்தக்காரர் சர் டோபி கூட்டம் செடிக்கு பின்னாடி. கீழ கிடக்குறது ஒலிவியா எழுதின காதல் லெட்டர் மாதிரி அவ பணிப்பெண் மரியா எழுதிப் போட்ட பொய் லெட்டர். லெட்டர் கண்ணுல படுறதுக்கு முன்னாடியே எஜமானி ஒலிவியாவை கட்டிக்கிட்டு பிரபு ஆயிட்ட மாதிரி கனவு காணுறான், அதைக் கேட்டு டோபி கொதிக்கிறான், நாம அவனையும் பாக்குறோம் இவங்களையும் பாக்குறோம், சிரிப்பு ரெண்டு அடுக்கா வருது. அப்புறம் லெட்டர்ல காதலன் பேருக்கு பதிலா இருக்குற அந்த எம், ஓ, ஏ, ஐ எழுத்துங்க. எம்முக்கு அப்புறம் தன் பேர்ல ஏ வரணும், இங்க ஓ வருதேன்னு அவனுக்கே உறுத்துது, இருந்தாலும் நாலும் என் பேர்ல இருக்கேன்னு வளைச்சு பொருத்திக்கிறான். மரியா லெட்டர்தான் எழுதினா, மிச்சத்தை அவனே ஏமாத்திக்கிட்டான்.

மூணாவதா 'மச் அடூ'லயே வர்ற டாக்பெர்ரியை சிலர் எடுப்பாங்க, வார்த்தையை மாத்தி மாத்தி சொல்ற காவல்காரன். அதுக்கு மலாப்ரொபிசம்னு பேரு, அந்த பேர் 1775ல ஷெரிடன் எழுதின நாடகத்து மிசஸ் மலாப்ராப்ல இருந்து வந்தது. நல்ல ஐட்டம்தான், ஆனா சரியான வார்த்தை என்னன்னு முதல்ல தெரிஞ்சாதான் சிரிப்பே வரும், அதை விளக்கவே பாதி எஸ்ஸே போயிடும்.

படிக்க சந்தோஷம் பெனடிக்தான், பொய் கடைசில நிஜக் காதலாவே ஆயிடுது. ஆனா எழுதுறதுக்கு நான் மல்வோலியோவைத்தான் சொல்லுவேன். ஏன்னா அந்த சிரிப்பு அங்கயே நிக்கல, 3ஆம் அங்கத்துல லெட்டர்ல சொன்ன மாதிரியே மஞ்சள் ஸ்டாக்கிங்ஸோட இளிச்சுக்கிட்டு வர்றான், 4ஆம் அங்கத்துல பைத்தியம்னு சொல்லி இருட்டறைல போட்டு அடைக்கிறாங்க, கடைசில உங்க எல்லாரையும் பழிவாங்குறேன்னுட்டு போறான். அந்த இருட்டறை சீனை லெட்டர் சீன் பக்கத்துல வச்சு படிங்க, எந்த வரில நம்ம சிரிப்பு நிக்குதோ அங்கருந்து எஸ்ஸேயை ஆரம்பிங்க.