கட்டுரை திருத்த எந்த ரூப்ரிக்?

1961இல் தேர்வுகளை உருவாக்கி நடத்தும் அமெரிக்காவின் இடிஎஸ் நிறுவனத்தில் பால் டீடரிக் குழு 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்தது. அளவுகோல் எதுவும் தரவில்லை. ஒன்பது தரங்களில் பிரிக்கச் சொன்னது. 94 சதவீதக் கட்டுரைகள் ஒவ்வொன்றுக்கும் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட வெவ்வேறு தரங்கள் விழுந்தன. ஆகவே ரூப்ரிக், அதாவது எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லும் அளவுகோல், வேண்டுமா என்பதில் சண்டை இல்லை. எந்த வகை என்பதில்தான்.

முழுமை ரூப்ரிக்கில் ஒரு வாசிப்பு, ஒரே மதிப்பெண். வேகம் இதன் பலம். போட்டிக் கட்டுரைகளைத் தரம் பிரிக்க இது போதும். வகுப்புக்குப் போதாது. ஆறுக்கு 3 வாங்கிய பிள்ளைக்கு எதைத் திருத்துவது என்று தெரியாது. கட்டுரையின் நீளமும் அழகான கையெழுத்தும் சத்தமில்லாமல் மதிப்பெண்ணைக் கூட்டிவிடும். ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு மாதிரிக் கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது அவசியம்.

கூறுவாரி ரூப்ரிக்கில் கருத்து, அமைப்பு, சொல், மொழிப்பிழை என வரிசைகள் தனித்தனி. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் எழுத்துப் பகுதி நான்கு கூறுகளுக்கும் சம எடை தருகிறது. தமிழ்க் கட்டுரைக்கு அதை அப்படியே எடுத்தால், ஒற்றுப்பிழையும் லகர ளகரக் குழப்பமும் நல்ல கருத்தை விழுங்கிவிடும். அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபி ஆங்கிலத் தேர்வு 2019–20இல் ஒன்பது புள்ளி முழுமை முறையைக் கைவிட்டு ஆறு புள்ளிக்கு மாறியபோது, மையக் கருத்துக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் 4, நுட்பத்துக்கு 1 என்று பிரித்தது. எதைக் கற்பிக்கிறோமோ அதற்கு எடை, அதுதான் சரி.

கூறுவாரி ரூப்ரிக் கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ‘மிக நன்று, நன்று, சுமார்’ என்று அடைமொழியை மட்டும் மாற்றி எழுதிய கட்டங்கள் எதையும் அளப்பதில்லை. ‘இரண்டு சான்றுகள் உள்ளன, ஒன்றுக்கு மட்டும் விளக்கம் உள்ளது’ என்று எழுதினால் அளக்கலாம். எழுவாய் பயனிலை இயையாத ஒரே வாக்கியத்துக்கு ‘தெளிவு’ வரிசையிலும் ‘மொழி’ வரிசையிலும் குறைப்பது இரட்டைத் தண்டனை. மொத்தத்தை மனதில் முடிவு செய்துவிட்டுக் கட்டங்களை நிரப்புவது மூன்றாவது. கருத்து வரிசையை மட்டும் எல்லாத் தாள்களுக்கும் முதலில் போட்டு முடித்தால் அந்தப் பழக்கம் குறையும்.

ஒற்றைப் பத்தி ரூப்ரிக்கில் எதிர்பார்க்கும் தரம் மட்டும் நடுவில். இருபுறமும் வெற்றிடம், குறிப்பு எழுத. முதல் வரைவுக்கு இதைவிட நல்லது இல்லை. நாற்பது தாள் என்றால் கை வலிக்கும், மதிப்பெண் பதிவேட்டுக்கும் உதவாது.

எதை எடுத்தாலும், திருத்தத் தொடங்குமுன் இரு ஆசிரியர்கள் ஐந்தாறு தாள்களைத் தனித்தனியே மதிப்பெண் போட்டுப் பாருங்கள். ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால், அந்தக் கட்டத்தின் வாசகத்தை மாற்றுங்கள்.