செனாப்பாங் பாத்தா (நடுவுல மடிச்சு தோட்டா போடற வேட்டை துப்பாக்கி) ரிப்பேருக்கு எங்க டவுன் கடை, நாலு ஸ்டார்

மலேசியா பேராக்ல சுங்கை சிப்புட்டுக்கு கொஞ்சம் தள்ளி எங்க டவுன்ல பழைய கடை வரிசையில கடைசி கதவு, போர்டுல பெயிண்ட் உரிஞ்சு போச்சு, தெரியாதவங்க சைக்கிள் கடைன்னு நெனச்சு தாண்டி போயிருவாங்க. துப்பாக்கி கடை லா அது. செம்பனை தோட்டத்துல பன்னி விரட்ட வெச்சிருக்கிற என் ஒத்த குழல் பன்னெண்டு போர் துப்பாக்கி, பைக்கால் கம்பெனியோடது, போன மழைக்கு அப்புறம் பத்து தோட்டாவுல மூணு வெடிக்கல, பன்னி நின்னு திரும்பி பார்த்துட்டு போகுது.

தவுக்கேக்கு, அதான் கடை முதலாளிக்கு, எழுபதுக்கு மேல இருக்கும், தோட்டத்து தமிழ் நம்மள விட நல்லா பேசுவாரு. முதல்ல லைசன்ஸ் புக் கேட்டாரு, ஒரிஜினல் தான், போட்டோஸ்டாட் காமிச்சா கைய கூட நீட்ட மாட்டாரு. அப்புறம் மருந்து இல்லாத கூட்டுல பின்னாடி தீப்பொறி குடுக்கிற கேப்பு மட்டும் வெச்சு தட்டி காமிச்சாரு, பின்னு குத்துன தடம் நடுவுல விழாம ஓரத்துல நகத்தால கீறின மாதிரி இருந்துச்சு. கேப்ப குத்தற பின்னு மழுங்கி கோணிப்போச்சு, ஸ்பேர் கிடைக்காது, நானே கடைஞ்சு போடறேன் ரெண்டு வாரம்னாரு. ஆச்சு அஞ்சு வாரம். போன் எடுக்கவே மாட்டாரு. அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கொறைச்சேன், வேலைக்கு இல்ல, வேலை சுத்தம்.

எடுக்கப் போனப்ப தைப்பூசத்துக்கு கனடா அல்பெர்ட்டாலேர்ந்து வந்திருந்த எங்க மச்சானும் கூட வந்தாரு. அவரு அங்க மூஸ்ங்கிற பெரிய மான் வேட்டைக்கு போறவரு, வீட்டுல பெரிய மிருகத்துக்குன்னு 460 வெதர்பி ரைபிள் ஒண்ணு வெச்சிருக்காரு, வருஷக்கணக்கா பீரோவுல பூட்டியே கெடக்குது. 2020 மே 1ந்தேதி அங்க கவர்மெண்ட் கிட்டத்தட்ட 1,500 துப்பாக்கி மாடல தடை பண்ணுச்சு, கூடவே குழல் வாய்ல 10,000 ஜூலுக்கு மேல சக்தி வந்தா அதுவும் தடைன்னு ஒரு கோடு போட்டுட்டாங்க. இவரோடது 500 கிரெய்ன் குண்டுக்கு அந்த கோட்ட நூத்தி சொச்சம் ஜூல் தாண்டுது, அவ்ளோதான். அதே பீரோவுல இருக்கிற 375 எச் அண்ட் எச் ரைபிள் அதுல பாதிக்கு கொஞ்சம் மேல, அது ஓகே. மருந்து கொஞ்சம் கம்மியா போட்டா என்னோடதும் கோட்டுக்கு கீழ தானே வரும் தம்பின்னு கேக்குறாரு, நான் என்ன சொல்றது. விக்கவும் முடியல, சுடவும் முடியல, தடை பண்ணத வெச்சிருந்தா கேஸ் போடாம விடற அம்னெஸ்டி தேதிய மட்டும் 2022, 2023, 2025ன்னு தள்ளிக்கிட்டே வந்தாங்களாம். அங்க நோவா ஸ்கோஷா மாநிலத்துல ஒருத்தன் கொலவெறியில 22 பேர் செத்த கொஞ்ச நாள்ல வந்த சட்டம், அந்த கோவம் எனக்கு புரியுது, ஆனா சுட்டவன்கிட்ட லைசன்ஸே இல்ல, அவன் துப்பாக்கிங்கள்ல அமெரிக்காலேர்ந்து கடத்துனதும் இருந்துச்சு. பூட்டி வெச்சிருக்கிற எங்க மச்சான் மேல ஏன் பா?

இன்னொரு ரூல், 20 மில்லிமீட்டர் இல்ல அதுக்கு மேல வாய் இருந்தா தடை. அத கேட்டதும் தவுக்கே ஒண்ணும் பேசாம டிராயர்லேர்ந்து கேலிப்பர் எடுத்து என் பைக்கால் வாயில விட்டாரு, பதினேழரை. "உன்னுது பாஸ், கனடா போலாம்"னு சிரிக்கிறாரு. அங்கயும் பன்னெண்டு போர் போயிரும்னு அப்ப ஒரே கலாட்டாவாம், அப்புறம் கவர்மெண்டே இல்லன்னு சொல்லிருச்சாம்.

நம்ம கதை வேற. இங்க ரூசா, கீஜாங் ரெண்டு மானையும் 2009லேர்ந்து செமனஞ்சோங்ல (தீபகற்ப மலேசியாவுல) சுடக்கூடாது, புலிக்கு தீனி வேணும், சரி. பன்னிக்கு பெர்ஹிலித்தான் (வனவிலங்கு இலாகா) லைசன்ஸ் எடுத்துட்டு போறோம். ரைபிள் எல்லாம் எனக்கு கனவு தான் லா.

கூலி 180 வெள்ளி, கேஷ் மட்டும். புது பின்ல குத்து நடு மத்தியில ஆழமா பொட்டு வெச்ச மாதிரி விழுது, இதுவரைக்கும் ஒரு தோட்டா கூட ஏமாத்தல. போறவங்க காலையில பத்து மணிக்கு மேல போங்க, கதவு பாதி தான் தெறந்திருக்கும், மூடின கடைன்னு திரும்பிறாதீங்க. மச்சான் போறப்ப கேலிப்பர் என்ன விலைன்னு கேட்டுட்டு போனாரு.