டூ ஸ்ட்ரோக் இயந்திரமும் எண்ணெய் கலந்த பெட்ரோலும்: எட்டு ஆண்டு அனுபவம்

என்னிடம் புதர் வெட்டும் பிரஷ் கட்டர் ஒன்றும், மரம் அறுக்கும் செயின்சா ஒன்றும் எட்டு ஆண்டுகளாக உழைக்கின்றன. இரண்டும் டூ ஸ்ட்ரோக். இந்த பிரஷ் கட்டர் நான் வாங்கிய இரண்டாவது. முதலாவது மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

அலமாரியில் ஒரே நிறத்தில் இரண்டு கேன்கள் இருந்தன. ஒன்றில் ஃபோர் ஸ்ட்ரோக் புல்வெட்டிக்கான வெறும் பெட்ரோல். மற்றதில் 2டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான எண்ணெய், கலந்தது. எதன்மீதும் எதுவும் எழுதி வைக்கவில்லை. அன்று கைக்கு வந்ததை எடுத்து ஊற்றினேன். அது வெறும் பெட்ரோல். சில நிமிடம் நன்றாகவே ஓடியது. பிறகு சத்தம் மெலிந்து, வேகம் இறங்கி, சட்டென்று நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. மெக்கானிக் சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியே டார்ச் அடித்துக் காட்டினார். வழவழப்பாக இருக்க வேண்டிய பிஸ்டனின் பக்கத்தில், ஆணியால் இழுத்ததுபோல் மேலிருந்து கீழாகக் கோடுகள். ரிங் பிஸ்டனோடு ஒட்டிப்போயிருந்தது.

இந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் எண்ணெய்க்கென்று தனித் தொட்டி கிடையாது. கிராங்க் பேரிங், பிஸ்டன், சிலிண்டர் சுவர் என எல்லாவற்றுக்கும் பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் உயவு. அது வராவிட்டால் உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உரசும்.

அளவைப் பொறுத்தவரை கையேடு சொல்வதே முடிவு. 50:1, அதாவது ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்றால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, 40:1 என்றால் 25, 25:1 என்றால் 40. என் இரண்டு இயந்திரங்களும் 50:1 என்பதால் ஒரே கலவை போதுமானதாக இருக்கிறது. தொடக்கத்தில் பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக அளந்தேன். இப்போது மில்லி கோடு போட்ட ஊசி இல்லாத சிரிஞ்சு. எண்ணெய் கொஞ்சம் கூடினால் இன்ஜினுக்கு நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருக்கிறேன். கூடுதல் எண்ணெய் பிளக்கைக் கரியாக்கும், சைலன்சரை அடைக்கும். கூடவே, எண்ணெய் கூடிய அளவுக்குப் பெட்ரோல் குறைவதால் இன்ஜினுக்குள் போகும் காற்றுக்கு ஏற்ற எரிபொருள் கிடைக்காமல் சூடும் சற்று ஏறும்.

எண்ணெயின் தரத்தையும் டப்பாவில் படித்துவிட்டுத்தான் வாங்குகிறேன். காற்றால் குளிரும் இன்ஜினுக்கு ஜாசோ எஃப்டி அல்லது ஐஎஸ்ஓ இஜிடி தரக்குறியீடு உள்ளதைத் தேடுவேன். டிசி-டபிள்யூ3 என்று போட்டிருப்பது தண்ணீரால் குளிரும் படகு மோட்டார்களுக்கானது. இந்தச் சிறிய இயந்திரங்களின் சூட்டுக்கு அது ஏற்றதில்லை. கார், பைக்கின் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயிலை இதில் ஒருபோதும் ஊற்றக் கூடாது.

கலப்பதைக் கேனில்தான் செய்வேன், இயந்திரத்தின் தொட்டியில் அல்ல. முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு மொத்த எண்ணெயும், மூடிக் குலுக்கல், அதன்பின் மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். ஒவ்வொரு முறை தொட்டியில் ஊற்றும் முன்பும் இன்னொரு குலுக்கல். எண்ணெயில் சேர்த்திருக்கும் நீல அல்லது பச்சைச் சாயம் பெட்ரோலில் சீராகப் பரவியிருப்பதைக் கண்ணால் பார்த்தபிறகே மனம் ஆறுகிறது.

எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால் என்னும் ஆல்கஹால். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். எண்ணெய் மேலே இருக்கும் பெட்ரோலோடு நின்றுவிடும். தொட்டிக்குள் எரிபொருளை உறிஞ்சும் வடிகட்டி கிடப்பதும் அதே அடிப்பகுதியில்தான். ஒருமுறை இரண்டு மாதம் கிடந்த கலவையைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் விரல் அகலத்துக்கு நிறமில்லாத ஒரு படலம், மேலே நீலம். அப்படிப் பிரிந்ததைக் குலுக்கிச் சரிசெய்ய முடியாது. அன்றிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீரும் அளவுக்கு, இரண்டு லிட்டர் மட்டும், கலக்கிறேன். 10 சதவீத எத்தனாலுக்கு மேல் வேண்டாம் என்று பல கையேடுகள் சொல்கின்றன. எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதையே வாங்குகிறேன்.

கேன் எரிபொருளுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைப்பதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். ஒரு குழந்தை அதைக் குடித்துவிடலாம். என் கேனில் இப்போது வண்ணப் பட்டை ஒட்டி, ‘50:1’ என்றும் கலந்த தேதியையும் எழுதுகிறேன். விரிவதற்கு இடம் விட்டு, விளிம்பு வரை நிரப்பாமல் மூடுகிறேன்.

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்துபோய், தூரத்தில் எரியும் ஒரு சிறு சுடரைத் தொட்டால் போதும். அதனால் கேனை வீட்டுக்குள் வைப்பதில்லை. வெளியே, நிழலில், காற்றோட்டமான கொட்டகையில், பூட்டி வைக்கிறேன். பங்க்கில் பெட்ரோல் நிரப்பும்போது கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிடுவேன். பிளாஸ்டிக் விரித்த வண்டித் தளத்தில் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி தெறிக்கும் ஆபத்து உண்டு. வேலை நடுவில் தொட்டி காலியானால், பொறுமை எவ்வளவு குறைந்திருந்தாலும், இன்ஜின் ஆறும்வரை காத்திருப்பேன். ஊற்றிய இடத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளிப்போய்த்தான் கயிற்றை இழுப்பேன்.

சில வாரம் வேலை இல்லையென்றால் தொட்டியைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிஞ்சியது தீரும்வரை ஓட்டி நிறுத்துகிறேன். மிஞ்சிய பழைய கலவையை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல், அபாயக் கழிவு வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஒப்படைக்கிறேன். இந்த எட்டு ஆண்டில் பிரஷ் கட்டரின் கார்புரேட்டர் டயாபிரம் என்னும் மெல்லிய சவ்வு ஒருமுறை விறைத்துப்போனதால் மாற்றினேன், பெட்ரோல் குழாயை இருமுறை. பிஸ்டனைப் பார்க்க சைலன்சரைச் சென்ற மாதம் நானே கழற்றினேன். ஒரு கோடுகூட இல்லை.