அமானுஷ்ய ஆற்றல்: நம்புவதா, சந்தேகிப்பதா?

நினைத்த நண்பரே அந்த நொடியில் போனில் அழைத்தால், நம்புபவர் அதை மனத்தொடர்பு என்பார். நினைத்தும் அழைப்பு வராத நாட்களை எண்ணினீர்களா என்று சந்தேகிப்பவர் கேட்பார். ஒருவர் அனுபவத்தின் அழுத்தத்தை வைத்து முடிவெடுக்கிறார், மற்றவர் தவறிய தடவைகளையும் கணக்கில் சேர்க்கிறார்.

நம்பும் தரப்பை முட்டாள்தனம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. 1930களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஜே. பி. ரைன், ஐந்து வகைக் குறிகள் கொண்ட 25 சீட்டுகளை வைத்து, பார்க்காமலே குறியைச் சொல்ல முடிகிறதா என்று சோதித்தார். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக 5 சரியாக வரும். சிலர் அதைவிடக் கூடுதலாகச் சொன்னதாகப் பதிவு செய்தார். ஆனால் சீட்டின் பின்புறம் குறி தெரிவது போன்ற ஓட்டைகளை அடைத்து மற்றவர்கள் செய்து பார்த்தபோது அது நிலைக்கவில்லை. நடக்கப்போவதை முன்கூட்டியே உணர முடியும் என்று 2011இல் உளவியலாளர் டேரில் பெம் வெளியிட்ட ஆய்வுக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். அமானுஷ்ய ஆற்றலைச் சோதனையில் நிரூபிப்பவருக்கு என்று மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசையோ, 2015இல் அது முடியும் வரை யாரும் வெல்லவில்லை.

சான்று என்று வந்தால் நான் சந்தேகத்தின் பக்கம். ஆனாலும், இறந்த மகனின் குரல் கேட்டது என்று சொல்லும் தாயிடம் புள்ளிவிவரம் பேசுவதை ஏற்க மாட்டேன். துக்கத்தில் அப்படிக் கேட்பது பலருக்கும் நேர்கிறது. அந்தத் துக்கத்தைக் காசாக்குபவரிடம் மட்டும் கறாராக இருங்கள்: சோதனைக்கு உட்படச் சம்மதமா என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.