ஜேஸ்டோரா, பெர்சேயா? மொரீஷியஸ் தமிழர் வரலாறு தேடுபவர்களுக்கு

போன மாதம் என்னிடம் தமிழ் படிக்கிற மாணவி ஒருத்தி கைப்பேசியை நீட்டினாள். "ஐயா, ஒரு கட்டுரைக்கு நாற்பது டாலர் கேட்குது." போர்ட் லூயியில் குடியேறிய தமிழ்க் கொத்தர்கள், தச்சர்கள் பற்றிய ஆய்விதழ்க் கட்டுரை அது. நம் மொரீஷியஸ் காசுக்கு ஏறத்தாழ 1,800 ரூபாய். தைப்பூச மலருக்கு நாலு பக்கம் எழுத அவ்வளவு செலவா? கட்டாதே என்றேன்.

பல்கலைக்கழகக் கணக்கு இல்லாதவர்களுக்கும் வழிகள் உண்டு. முதலில் கூகுள் ஸ்காலர், அதாவது ஆய்வுக் கட்டுரைகளுக்கான கூகுள் தேடல். இதைக் கட்டுரை கிடைக்கும் இடமாக நினைக்காதீர்கள், இருக்கும் இடத்தைக் காட்டும் வழிகாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல முடிவுகளின் கீழ் 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பு வரும். அதைத் தட்டினால் ஆசிரியரே எங்காவது ஏற்றி வைத்த பிரதி சில சமயம் அகப்படும். மாணவியின் கட்டுரை அப்படித்தான் கிடைத்தது. ஆனால் அது அச்சுக்கு முந்தைய வடிவமாக இருந்தால் பக்க எண்கள் மாறியிருக்கும். மேற்கோள் காட்டும்போது இதழின் பக்க எண்ணைத்தான் தர வேண்டும்.

உண்மையான போட்டி ஜேஸ்டோருக்கும் (JSTOR) பெர்சேக்கும்தான் (Persée). இரண்டும் ஆய்விதழ்களின் பழைய வெளியீடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையத் தளங்கள்.

ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கினால் 30 நாளில் 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம். தரவிறக்க முடியாது. பல இதழ்களில் கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளின் வெளியீடுகள் இருக்காது. மற்றபடி தேடல் சுத்தம், பக்கங்கள் தெளிவு. 1834-க்குப் பிந்தைய ஒப்பந்தக் கூலிக் காலத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் இதுவே போதும். அந்தக் காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் போனால் கதை வேறு. 1735-இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் இங்கே வந்துவிட்டார்கள். ஆங்கிலேயர் தீவைப் பிடித்தது 1810-இல்தான். இடைப்பட்ட காலத்தின் காகிதமெல்லாம் பிரெஞ்சு. அதை வைத்து எழுதியவர்களும் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் எழுதினார்கள். அங்கே பெர்சேதான் கைகொடுக்கும். பிரான்சின் இந்தத் தளத்தில் கணக்கு வேண்டாம், காசு வேண்டாம், பிடிஎஃப் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். 1913-இல் தொடங்கிய பிரெஞ்சுக் குடியேற்ற வரலாற்று இதழின் பழைய தொகுதிகளைக்கூட இங்கே புரட்டலாம். குறை என்றால், புதிய இதழ்கள் பல வேறு தளங்களுக்குப் போய்விட்டன. தேடல் பெட்டியும் கொஞ்சம் முரடு. பிரெஞ்சு என்றதும் பின்வாங்குகிறவர்களும் உண்டு. காலையில் பிரெஞ்சுப் பத்திரிகை, நாள் முழுக்கக் கிரெயோல் பேச்சு என்று இருக்கும் நமக்கு அந்தச் சாக்கு எடுபடாது!

இரண்டிலும் 'தமிழ்' என்று ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. பிரெஞ்சில் அது 'தமூல்' (tamoul). பதினெட்டாம் நூற்றாண்டுக் காகிதங்களில் நம்மவர்கள் 'மலபார்'. போர்ட் லூயியில் அவர்கள் இருந்த பகுதிக்கே 'மலபார்களின் முகாம்' என்றுதான் பெயர். ஆகவே மூன்று சொல்லையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். மாணவி 'மலபார்' என்று மாற்றியதும் பெர்சேயில் வந்த பட்டியலே வேறாக இருந்தது. ஆனாலும் 'மலபார்' என்று எழுதியிருக்கிற இடமெல்லாம் தமிழர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தென்னிந்தியர் எவரையும் அந்தப் பெயரால் சுட்டியிருக்கிறார்கள். பழைய கட்டுரைகளில் சுதந்திரமாக வந்த கைவினைஞரும் அடிமையாகக் கொண்டுவரப்பட்டவரும் ஒரே வரியில் கலந்து கிடப்பார்கள். ஆய்விதழில் அச்சானதாலேயே எதுவும் வேதவாக்காகிவிடாது.

எந்தத் தளத்தில் கிடைத்தாலும் நான் முதலில் ஆய்வுச் சுருக்கத்தைப் படிப்பேன், அப்புறம் முடிவுரை, அதன் பிறகு நேராக அடிக்குறிப்புகள். வரலாற்றுக் கட்டுரையின் சரக்கு அங்கேதான் இருக்கிறது. 'சி4' என்று கண்டால் அது பிரெஞ்சுக் குடியேற்ற ஆவணங்களில் நம் தீவுக்கு உரிய வரிசை, 'சி2' என்றால் இந்தியா. கைவினைஞர்களைத் திரட்டிய இடம் புதுச்சேரி என்பதால் 'சி2' என்று வரும் குறிப்புகளை நான் தாண்டிப் போவதில்லை. பெர்சேயின் பிடிஎஃபில் இந்தக் குறிப்புகளை நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். ஜேஸ்டோரின் இலவசக் கணக்கில் திரையைப் பார்த்துக் கையால் எழுத வேண்டியதுதான்.

எங்கேயும் கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடலாம். கட்டுரைத் தலைப்பையும் எதற்காக வேண்டும் என்பதையும் மட்டும் சொன்னால் போதும், பலர் மகிழ்ச்சியோடு அனுப்பிவிடுவார்கள். ஆனால் பதில் வர வாரங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். மலர் அச்சுக்குப் போகிற வாரத்தில் இந்த வழியை நம்பி உட்காராதீர்கள்.