டோங்கா லாரியை ரிமோட் வண்டியாக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய இரும்பு லாரி பொம்மைகளை ரிமோட்டில் ஓடும் வண்டியாக மாற்றித் தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒருவரிடம், 1960களில் செய்த டோங்கா என்ற அமெரிக்கக் கம்பெனியின் டிப்பர் பொம்மை ஒன்றை நம்பிக் கொடுத்தேன். 630 டாலர் வாங்கிக்கொண்டார். சற்றுத் தூரம் போனாலே கைக்கு அடங்காமல் ஓடும் ஒரு வண்டியைத் தலையில் கட்டிவிட்டார். அதைவிடப் பெரிய அநியாயம், திரும்பி வந்ததில் பாதி என்னுடைய வண்டியே இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மினியாபொலிஸ் வட்டாரத்தில் நம்மவர்கள் சிலரும் இதே ஆளிடம் வண்டி கொடுக்க இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். வழக்கு நிலுவையில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. செய்த வேலையைச் சொல்கிறேன்.

டோங்கா எங்கள் பக்கத்துச் சரக்கு. மினியாபொலிஸுக்கு மேற்கே, மினடோங்கா ஏரிக்கரையில் இருக்கும் மவுண்ட் என்ற சிற்றூரில் 1946இல் தொடங்கிய பட்டறை அது. தோட்டக் கருவிகள் செய்யத்தான் ஆரம்பித்தார்கள். மறு ஆண்டே பொம்மைப் பக்கம் திரும்பிவிட்டார்கள். 1955இல் நிறுவனத்தின் பெயரே டோங்கா ஆனது. 1960களின் நடுவில் வந்த மஞ்சள் நிறப் பெரிய டிப்பரைப் பார்க்காத அமெரிக்கக் குழந்தை குறைவு. 1980களில் உற்பத்தி மவுண்டை விட்டுப் போய்விட்டது. 1991இல் நிறுவனம் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனியின் கைக்கு மாறியது. ஆகவே மவுண்டில் அழுத்தி வடித்த எஃகுத் தகடு என்றால் இங்கே அதற்குத் தனி மரியாதை.

என் வண்டி பக்கத்து வீட்டுப் பெரியவர் கொடுத்தது. வீட்டை விற்றுவிட்டு மகனுடன் இருக்கப் போகும்போது, என் மகள் அதை வைத்து விளையாடுவதைப் பார்த்து அவளிடமே விட்டுவிட்டுப் போனார். சிறுவனாக இருந்தபோது டிப்பர் தொட்டியின் அடியில் தன் பெயரின் முதலெழுத்துகள் இரண்டை ஆணியால் கீறி வைத்திருந்தார். தொட்டியின் இடது மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நசுங்கல். ஓரங்களில் மஞ்சள் தேய்ந்து எஃகு தெரியும். அந்தத் தேய்மானத்தோடுதான் வண்டி எங்களுக்கு வேண்டும் என்று மாற்றித் தருபவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பேச்சு முழுவதும் குறுஞ்செய்தியில்தான் நடந்தது. எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உடலில் ஒரு துளைகூடப் போடமாட்டேன் என்றார். கழற்றும் சக்கரங்கள், அச்சுக் கம்பிகள், மூடிகள் எல்லாவற்றையும் பையில் போட்டுத் திருப்பித் தருவேன் என்றார். 540 அளவு மோட்டார், உலோகப் பற்சக்கரங்கள், தொட்டியைத் தூக்கத் திருகுத் தண்டு மோட்டார், எல்லாம் சேர்த்து 450 டாலர். வண்டி அவர் கைக்குப் போன பிறகு, 'உங்கள் வண்டி கனமாக இருக்கிறது, உலோகப் பற்சக்கரம் போட்டால்தான் தாங்கும், இன்னும் 180 அனுப்புங்கள்' என்று செய்தி வந்தது. உலோகப் பற்சக்கரம் முதல் விலையிலேயே அடக்கம் என்று அவரே எழுதியதை எடுத்துக் காட்டினேன். பணம் வராமல் வேலை நகராது என்று கறாராகச் சொல்லிவிட்டார். வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு இப்படிக் கேட்பது பிணை வைத்துப் பணம் பறிப்பதே தவிர வேறில்லை.

வந்த வண்டியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோது கை நடுங்கியது. இந்த டிப்பரின் முன்சக்கரங்கள் திரும்புவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒரே நேரான கம்பியில் கோத்தவை. ரிமோட் வண்டியாக்கினால் முன்னால் திரும்பும் அச்சு போட வேண்டும், திரும்பும் சக்கரம் மட்கார்டில் இடிக்கும். நேர்மையான ஆள் என்றால் சக்கர அளவைக் குறைப்பார், அல்லது சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோ திரும்பும் கோணத்தை ரிமோட்டிலேயே அடக்கி வைப்பார். இவர் அறுவைச் சக்கரத்தை எடுத்து இரண்டு முன் மட்கார்டுகளின் உள்விளிம்பையும் அரைநிலா வடிவில் வெட்டி எறிந்திருந்தார். வெட்டிய இடத்தில் பிசிறுகூடத் தேய்க்கவில்லை. தடவினால் விரலைக் கிழிக்கும். அதன் மேல் டப்பா ஸ்பிரே பெயின்ட். 'ஒரு துளைகூட' என்ற பேச்சு காற்றில் போயிற்று. அடிச்சட்டத்தில் நான் எண்ணியவை 14 துளைகள்.

டோங்காவின் தகடுகள் பல இடங்களில் மடக்குக் காதுகளால்தான் இணைந்திருக்கும். ஒரு தகட்டின் நாக்கை மறு தகட்டின் பிளவில் செருகி மடக்கியிருப்பார்கள். எஃகு நாக்கை ஒருமுறை நிமிர்த்தி ஒருமுறை மடக்கினால் பெரும்பாலும் தாங்கும். அதற்கு மேல் ஆட்டினால் களைத்து முறிந்துவிடும். என் வண்டியின் கேபின் அடியில் மூன்று நாக்குகள் முறிந்து, அந்த இடத்தில் பசை ஊற்றியிருந்தது. பசை இன்னும் மஞ்சளாகக் கொழகொழவென்று இருந்தது.

உள்ளே இருந்தது 540 மோட்டார் அல்ல. மலிவான பிளாஸ்டிக் ரிமோட் காரில் வரும் சிறிய மோட்டாரும் பிளாஸ்டிக் பற்சக்கரப் பெட்டியும். இத்தனை எஃகை இழுக்க மெதுவாகவும் பலமாகவும் சுழலும் மோட்டார் வேண்டும். உள்ளே செம்புக் கம்பி அதிகச் சுற்றுகள் சுற்றிய, பாறை ஏறும் வண்டிகளுக்கு உரிய மோட்டாரைத்தான் விவரம் தெரிந்தவர்கள் போடுவார்கள். சரளைக் கல்லில் ஏறியதுமே இந்த வண்டி திணறியது, பிறகு 'கடகட' என்று பற்கள் நழுவும் ஓசை. 180 டாலர் தனியாக வாங்கியது இந்தப் பிளாஸ்டிக்குக்குத்தான். தொட்டியைத் தூக்கத் திருகுத் தண்டு மோட்டாருக்குப் பதில் சின்ன சர்வோவில் மீன்பிடி நரம்பைக் கட்டிவிட்டிருந்தார். காலித் தொட்டியே பாதிக்கு மேல் எழவில்லை.

இனி ஆபத்தான பகுதி. ரிமோட்டின் சைகையை வாங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் ஆன்டெனா கம்பியின் நுனியில், உறை உரித்த சுமார் 31 மில்லிமீட்டர்தான் சைகையை வாங்கும். அந்த நுனி இரும்புக்கு வெளியே இருந்தாக வேண்டும். எஃகுப் பெட்டிக்குள் அலை சரியாக நுழையாது. இவர் ரிசீவரையும் ஆன்டெனாவையும் கேபினுக்குள் சுருட்டி வைத்து மூடிவிட்டார். எங்கள் வீட்டு வாசல் பாதையின் பாதியைத் தாண்டியதும் வண்டி ரிமோட்டுக்குக் கட்டுப்படவில்லை. சைகை அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு ரிசீவரில் உண்டு. அதையும் அமைக்காததால் கடைசியாகக் கொடுத்த வேகத்திலேயே நேராக ஓடி, என் மகளின் கணுக்காலில் மோதிப் பூச்செடித் தொட்டியில் முட்டி நின்றது. தோல் சிராய்ப்போடு போயிற்று. வெட்டிய மட்கார்டு விளிம்பு பட்டிருந்தால் தையல் போட வேண்டியிருந்திருக்கும்.

பேட்டரி இணைப்பைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. சிவப்புக் கம்பியை அடித்தகட்டின் துளை வழியே அப்படியே நுழைத்திருக்கிறார். துளைக்கு ரப்பர் வளையம் இல்லை, ஃப்யூஸும் இல்லை. அதே துளை வழியே போன கறுப்புக் கம்பியின் உறை தகட்டு ஓரத்தில் ஏற்கெனவே தேய்ந்து செம்பு தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. சிவப்புக் கம்பியிலும் பாதி உறை போயிருந்தது. அதுவும் தகட்டைத் தொட்டிருந்தால் லாரி முழுவதும் மின்கம்பியாகி, லித்தியம் பாலிமர் பேட்டரி பற்றி எரிந்திருக்கும். இரண்டு அறை கொண்ட இந்தப் பேட்டரியில் அறைக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அதைக் காக்கும் பொறுப்பு வேகக் கட்டுப்படுத்திக்கு. அதில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சிறிய செருகி, நிக்கல் பேட்டரிக்கான இடத்தில் இருந்தது, அதனால் அந்தக் காவல் வேலை செய்யவில்லை. நான் மீட்டர் வைத்துப் பார்த்தபோது ஓர் அறை 2.6 வோல்ட். பேட்டரியின் வயிறு லேசாக உப்பியிருந்தது. அதை அன்றே வெளியே எடுத்து அபாயக் கழிவு வாங்கும் மையத்தில் ஒப்படைத்தேன்.

இவ்வளவுக்கும் மேல், தொட்டி. மூலையில் நசுங்கல் இல்லை. நிமிர்த்தியிருப்பார் என்று முதலில் நினைத்தேன். கவிழ்த்து அடியில் விரல் வைத்துத் தடவினேன். ஆணிக் கீறல் இல்லை. பெயின்ட் அடித்தால் நிறம் மறையும், பள்ளம் மறையாது. இது வேறு தொட்டி. தகடும் மெலிந்தது. பழைய தொட்டி, நான்கு சக்கரங்கள், அச்சுக் கம்பிகள், எதுவும் திரும்பி வரவில்லை. கேட்டதற்கு 'துருப்பிடித்த குப்பையைத் தூக்கிப் போட்டுவிட்டேன், புதிதாகவே போட்டுக் கொடுத்திருக்கிறேன், சந்தோஷப்படுங்கள்' என்றார். பழைய டோங்கா உதிரிகளைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் இங்கே ஏராளம். அது தெரியாத ஆள் இந்தத் தொழிலில் இருக்க முடியாது. ஒரு மனிதரின் குழந்தைப் பருவத்தை அவர் கையெழுத்தோடு எடுத்துக்கொண்டு, குப்பை என்று வாய் கூசாமல் சொல்கிறார்.

பணத்தை மீட்க முயன்றபோது அவர் கேட்டு வாங்கிய முறையின் சூட்சுமம் புரிந்தது. கட்டணம் மிச்சம் என்று சொல்லி, பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் வழியில் அனுப்பச் சொன்னார். அந்த வழியில் அனுப்பினால் வாங்குபவருக்குரிய பாதுகாப்பு கிடையாது. யாராவது அப்படிக் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் வங்கியிடம் முறையிட இடம் உண்டு. இப்போது மினசோட்டாவின் சிறு வழக்குகளுக்கான கன்சிலியேஷன் கோர்ட்டில் மனு கொடுத்திருக்கிறேன். வக்கீல் தேவையில்லை. குறுஞ்செய்திகள், கொடுக்கும் முன் எடுத்த படங்கள், வந்த பின் எடுத்த படங்கள், எல்லாவற்றையும் அச்செடுத்து இணைத்தேன். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் நுகர்வோர் புகார் பதிவு செய்தேன்.

நீங்கள் யாரிடம் கொடுத்தாலும், அவர் முன்பு செய்த வண்டியின் வெளிப்படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அடிப்பக்கப் படத்தைக் கேளுங்கள். கம்பி எந்த வழியாகப் போகிறது, ஆன்டெனா நுனி எங்கே நிற்கிறது, அச்சைத் தாங்கும் கிளாம்பு பழைய பிளவுகளிலேயே பிடித்திருக்கிறதா, புதிய துளையில் போல்ட் போட்டிருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். நல்ல வேலை என்றால் நாளைக்கே எல்லாவற்றையும் கழற்றிப் பழைய கம்பியையும் சக்கரத்தையும் மாட்டிவிடலாம். உங்கள் வண்டியின் அடையாளங்களை அவர் கண் முன்னாலேயே படமெடுத்து, திரும்ப வேண்டிய உதிரிகளின் பட்டியலில் அவர் கையெழுத்தை வாங்குங்கள்.

பெயின்ட் விஷயத்தை யாரும் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பொம்மைப் பெயின்ட்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு வந்தது 1978இல். 2009இல்தான் அது 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, என்ற அளவுக்கு இறங்கியது. 1960களின் வண்டியை அறுத்தாலோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலோ பறக்கும் தூளில் ஈயம் இருக்கலாம். என் வண்டியின் சட்டத்துக்குள் மஞ்சள் தூள் படிந்தே வந்தது. ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டிக் குப்பையில் போட்டேன். குழந்தை உள்ள வீட்டில் அந்தத் தூளை விளக்குமாறால் கூட்டாதீர்கள், ஊதாதீர்கள்.

அவருடைய விளம்பரம் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் முதல் படமாக இருப்பது என் வண்டிதான்: பழைய தொட்டியோடு, மட்கார்டு வெட்டுப்படாமல், அவரிடம் கொடுப்பதற்காக நான் எடுத்து அனுப்பிய படம். இடது மூலை நசுங்கிய மஞ்சள் டிப்பரைக் காட்டி உங்களிடம் யாராவது விலை பேசினால், அது அவர் செய்த வேலை அல்ல.